கை சொன்ன விலை

22-1-1986, திண்டிவனம்

இன்று சந்தையில் ஒரு ஜோடி காளையை நானூறு ரூபாய் குறைத்து விற்றுவிட்டேன். நாலாயிரத்துக்குப் போக வேண்டிய மாடு. நடை, பல், ஜோடிப் பொருத்தம் எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. பொங்கல் முடிந்து வாங்குகிற கூட்டமும் இருந்தது. ஆனாலும் மூவாயிரத்து அறுநூறு.

வாங்கியவன் முருகையன், விழுப்புரத்துத் தரகன். மாட்டு வியாபாரத்தில் வாயால் விலை சொல்வது கிடையாது. தோளில் கிடக்கிற துண்டை இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டு, அதற்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்து அமுக்க வேண்டும். எத்தனை விரலோ அத்தனை நூறு. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இருபது வருஷமாக இந்தக் கைதான் எனக்குச் சோறு போடுகிறது. கடன் வாங்கிய ஒரு கிடாரிக் கன்றில் ஆரம்பித்தவன் நான். துண்டுக்கு அடியில் என்னை எவனும் ஏய்த்ததில்லை.

இன்று முருகையன் இறக்கிக்கொண்டே வந்து சரியாக மூவாயிரத்து அறுநூறில் நின்றான். என் மனதில் இருந்த கடைசி விலை அதுதான். ஒரு விரல் மேலே இல்லை, கீழே இல்லை.

அந்த விலையை ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். சவுரிராயன். என் கூட்டாளி. ஊர் ஊராகப் போய் மாடு பிடித்து வருகிறவன் அவன், பணம் போட்டு விற்பவன் நான்.

சே. அவன் அப்படிச் செய்வானா?

27-1-86

அகோரப் பசி. காலையில் கேப்பைக் களி மூன்று உருண்டை தின்றேன். பஸ் ஏறும்போது மறுபடி பசி. மடியில் வேர்க்கடலை கட்டிக்கொண்டு போய் வழியெல்லாம் தின்றேன். சவுரி பார்த்துவிட்டு, "மிஷினு போட்டாக்கூட இத்தினி மல்லாட்டை ஒடைக்காதுண்ணே" என்றான்.

இவ்வளவு தின்றும் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்கவில்லை, தொடைக்கு நழுவுகிறது. பெண்டாட்டி அம்சவள்ளி முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டாள். "துன்னதெல்லாம் எங்கதாங்க போவுது?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்.

2-2-86

ஊரே போர்த்திக்கொண்டு கிடக்கிறது. எனக்கு வேர்க்கிறது. சட்டை போட முடியவில்லை.

நெஞ்சு ஓடுகிறது. நடக்கும்போது மட்டுமல்ல, சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஓடுகிறது. வண்டி மாட்டை விரட்டியது போல. இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

ராஜாமணி அண்ணனும் இப்படித்தான் சொன்னார், "நெஞ்சு என்னமோ பண்ணுதுடா" என்று. போன ஆவணியில், பஸ் ஸ்டாண்டு பெஞ்சியில், சோடாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே போய்விட்டார். என்னைத் தூக்கி வளர்த்தவர். எனக்கும் அதே நெஞ்சுதான் வந்திருக்கிறது. வீட்டு மனிதர்களுக்கெல்லாம் ஒரே வழி.

டாக்டரிடம் போக மாட்டேன். தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? இன்னொன்று, துரைக்கு நெஞ்சு வலியாம் என்று சந்தையில் ஒரு வாய் சொன்னால் போதும். சாகப்போகிறவன் கையில் இருக்கிற மாட்டுக்கு எவன் நல்ல விலை கொடுப்பான்? நானே கொடுக்க மாட்டேன்.

9-2-86, விழுப்புரம்

சோதித்துப் பார்த்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது சவுரியிடம், "இன்னிக்கு மூவாயிரத்து இருநூறு வரைக்கும் எறங்கலாம்" என்றேன். பொய். மனதில் வைத்தது மூவாயிரத்து ஐந்நூறு. அவன் என் விலையை முருகையனிடம் விற்றால் எனக்குத் தெரிந்துவிடும்.

முருகையன் கையைப் பிடித்தான். பிடித்தவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா தொரை, அவசரமா?" என்றான். எனக்கு என்ன அவசரம்? இறக்கினான், இறக்கினான், மூவாயிரத்து ஐந்நூறில் நின்றான்.

எப்படி? நான் பொய் சொன்னதைச் சவுரி கண்டுபிடித்திருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷம் கூட இருந்தவனுக்கு என் பேச்சைக் கேட்டாலே நிஜம் தெரியாதா? உண்மை விலையைக் கண்டுபிடித்து விற்றிருக்கிறான். எவ்வளவு சாமர்த்தியம் இருந்தால்! இப்போது யோசித்தால் எல்லாமே சேர்ந்து வருகிறது. போன மாசம் அவன் சட்டை புதுசு. முருகையன் பக்கத்தில் நின்று பீடி பற்ற வைத்தான். ஒன்று நினைத்தால் அதன் பின்னாலேயே பத்து வருகிறது. நிறுத்த முடியவில்லை.

16-2-86, விழுப்புரம்

கேட்டுவிட்டேன். சந்தைக்கு வெளியே டீக்கடையில், பத்துப் பேர் பார்க்க.

"எவ்ளோடா குடுத்தான் முருகையன்?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி நடிக்கிறான் என்று எனக்கு இன்னும் ஏறியது. "இன்னாண்ணே சொல்ற?" என்றான். கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "தூக்கி உட்டாலும் உங்க தெரு புத்தி உன்ன உட்டுப் போவுமா?" என்று சொல்லிவிட்டேன்.

சவுரி டீ கிளாசைப் பலகையில் வைத்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, "செரிங்க" என்றான்.

ங்க. இதுவரை அவன் வாயில் எனக்கு ங்க வந்ததில்லை. அண்ணேதான்.

போய்விட்டான். போகட்டுமே. துரோகிக்கு என்ன மரியாதை.

17-2-86

கை நடுங்குகிறது. கோபம் இன்னும் இறங்கவில்லை.

10-3-86

சவுரி இல்லாமல் நானே ஊர் ஊராகப் போகிறேன். அலைச்சல். ஒரு எருது வாங்கினேன், வீட்டுக்கு ஓட்டி வந்தபிறகுதான் பின்னங்கால் நொண்டுவது தெரிந்தது. பொறுமையாக நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. ஜல்தி ஜல்தி என்று முடித்துவிட்டேன். எதிலும் நிற்க முடியவில்லை. ஒரு வேலையைத் தொட்டால் அடுத்ததற்கு மனம் தாவுகிறது.

இன்று குழம்பில் உப்பு கம்மி என்று தட்டைத் தூக்கி எறிந்தேன். சுவரெல்லாம் குழம்பு. அம்சவள்ளி துடைத்தபடியே சொன்னாள்: "அடிக்கறதுன்னா அடிச்சிடுங்க. இப்டி முறைச்சிக்கினு நிக்காதீங்க, ஈரக்கொலையே நடுங்குது."

நான் முறைக்கவில்லை! சும்மாதான் பார்த்தேன்.

14-3-86

பாங்கிக்குப் படம் வேண்டும் என்று ஸ்டுடியோவுக்குப் போனேன். படம் பிடிக்கிறவன், "கண்ண சாதாரணமா வைங்க சார்" என்றான். வைத்தேன். "இல்ல சார், சாதாரணமா" என்றான். மூன்றாவது தடவை எழுந்து அவனை அடிக்கப் போய்விட்டேன்.

படம் வந்திருக்கிறது. கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டு, எதையோ கண்டு பயந்தவன் போல. இது நானா?

21-3-86

அம்சவள்ளி என்னை ஏமாற்றிவிட்டாள். மாட்டு வியாபாரியையே ஏமாற்றிய கெட்டிக்காரி.

மயக்கமாக வருகிறது, துணைக்கு வாங்க என்று லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மா அவளைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தார். "இவரு எவ்ளோ நாளா இப்படி இருக்காரு?" என்று கேட்டார். "அதுக்குத்தாங்க டாக்டரம்மா இட்டாந்தேன். எனக்கு ஒரு மயக்கமும் இல்ல" என்றாள் இவள். எழுந்தேன். "உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. வாத்தியாரம்மா குரல். உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. "ஃபேன் காத்துங்க" என்றேன். ஃபேனை நிறுத்தினார். நின்ற பிறகும் தாள் ஆடியது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னால் வந்து நின்று கழுத்தைத் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார். நாடி பிடித்தார். என்னென்னவோ கேட்டார். பசி, வேர்வை, தூக்கம், வெளிக்குப் போவது. எல்லாவற்றுக்கும் அம்சவள்ளியே பதில் சொன்னாள். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"நெஞ்சுதானே டாக்டரம்மா? எங்க அண்ணனுக்கு மாதிரி?"

"உங்க நெஞ்சுல கோளாறு இருக்கற மாதிரி தெரியல. அதை வெரட்டறது வேற ஒண்ணு" என்றார். தொண்டையில் தைராய்டு என்று ஒரு சுரப்பியாம். ஹார்மோன் என்று ஒரு சாறு அதில் சுரந்து ரத்தத்தில் கலக்குமாம். உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்வது அதுதானாம். எனக்கு அது அளவுக்கு மேல் சுரக்கிறது. அதனால் இதயம், குடல், கை, மூளை எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. தின்றதெல்லாம் எரிந்துபோகிறது.

மூளையுமா?

"மூளையும்தான். தூக்கம் வராது, பொறுமை இருக்காது, கோவம் வரும். சில பேருக்குச் சந்தேகம்கூட வரும்" என்றார்.

போன வருஷம் வீட்டில் பெரிய அதிர்ச்சி ஏதாவது உண்டா என்று கேட்டார். அண்ணனைச் சொன்னேன். சொல்லும்போது கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். செத்தபோதுகூட நான் அழவில்லை, காரியம் முடிந்த மறுநாளே மாடு ஓட்டிக்கொண்டு போனவன். அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பெரிய துக்கத்துக்குப் பிறகு இது கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

ரத்தம் பரிசோதனைக்குப் புதுச்சேரிக்குப் போகிறது.

2-4-86

முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதுதான். சுரப்பை அடக்க ஒரு மாத்திரை, ஒன்றரை வருஷமாவது சாப்பிட வேண்டும். நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் இன்னொன்று. தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தால் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஓடி வர வேண்டும், சந்தை நாளாக இருந்தாலும் சரி என்றார். என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார்.

நெஞ்சு இல்லை. நான் சாகப்போவதில்லை. பஸ்ஸில் அம்சவள்ளிக்குப் பூ வாங்கிக் கொடுத்தேன். "இதுக்கும் ஒரு மாத்திர குடுத்தாங்களா?" என்றாள்.

20-4-86, விழுப்புரம்

நடுக்கம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. முருகையன் துண்டுக்கு அடியில் என் விரலைப் பிடித்தவன், சட்டென்று விட்டுவிட்டான்.

"இன்னா தொரை, கை செரியாப் பூடுச்சா?"

"என் கைக்கு இன்னா?"

"உனுக்குத் தெரியாதா! ரெண்டு மூணு மாசமா உன் கை பேசிக்கினு இருந்துச்சேப்பா. ஈரமா, நடுங்கிக்கினு. பணத்துக்கு முடைபோல, எறக்கலாம்னு எறக்குவேன். உன் கடேசி வெல வந்துச்சுன்னா வெடுக்குனு உருவிக்கப் பாப்ப. அங்க நிறுத்திடுவேன்." சிரித்தான். "தொழில் ரகசியம். செரியாப் பூடுச்சேன்னு சொல்றேன்."

"சவுரி உங்கிட்ட ஒண்ணும் சொல்லலயா?" என்றேன்.

"சவுரியா? மணி இன்னான்னு கேட்டாக்கூட அவன் எனுக்குச் சொல்ல மாட்டானே."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு நான் சவுரியிடம் சொன்ன பொய் விலை மூவாயிரத்து இருநூறு. அவன் விற்றிருந்தால் முருகையன் அதுவரைக்கும் அல்லவா இறக்கியிருப்பான்? ஐந்நூறில் ஏன் நிற்கிறான்? நான் வைத்த சோதனையில் அவன் சுத்தமானவன் என்று அன்றைக்கே வந்துவிட்டது. சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு. வியாபாரி எனக்கு விளங்கவில்லை.

இதுதான் மூளை ஓடுவதா? ஓடிய மூளை கண்ணெதிரே இருந்ததைத் தாண்டிப் போய்விட்டது.

25-4-86

மருந்துச் சீட்டு, ரத்த முடிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒலக்கூர் பக்கம் சவுரி ஊருக்குப் போனேன். சீட்டைக் காட்டினால் ஆயிற்று என்று நினைத்தேன்.

அவன் பெண்டாட்டி பொன்னி உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். சவுரி எதிரில் கட்டிலில் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டான். சுரப்பி, சாறு, சந்தேகம், கோபம். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"நோவு போனா நல்லதுதாங்க" என்றான்.

"அப்ப வாடா. பழையபடி."

"கோவத்த அந்தச் சுரப்பி குடுத்துச்சுன்னே வச்சிக்கலாங்க. சந்தேகமும் அதுதான் குடுத்துச்சு. அந்த வார்த்தைய எங்கருந்துங்க எடுத்துச்சு?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"திருடன்னு சொல்லியிருந்தா நானும் ரெண்டு உட்டுட்டுத் திரும்பி வந்திருப்பேன். நீங்க தெருவச் சொன்னீங்க. இப்ப எங்க ஊட்டுக்குள்ள வந்து குந்திக்கினு பேசறீங்களே, இத்தினி வருஷமா உங்க ஊட்ல நான் எங்க நின்னுக்கினு பேசினேன்? ஓசன பண்ணிப் பாருங்க."

அங்கிருந்து ஒலக்கூர் பஸ் நிறுத்தம் வரை நடந்தே வந்தேன். ஆடுதொடா இலை மாதிரிக் கசப்பு வாயில். வாசலில். அவன் எங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் பேசுவான். நான் உள்ளே கூப்பிட்டதில்லை. அவன் வந்ததுமில்லை. அதைப் பற்றி இதுவரை எனக்கு ஒரு நினைப்பே இருந்ததில்லை.

9-5-86

டாக்டரம்மாவிடம் கேட்டேன். நோய் இருந்தபோது ஒருவன் பேசியதற்கு நோய்தானே பொறுப்பு?

எடை ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "கொஞ்சம் நோய், கொஞ்சம் நீங்க. எங்க கோடு போடறதுன்னு எனக்கே தெரியாது. ரத்தத்துல அதுக்கு டெஸ்ட் கிடையாது."

எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது.

28-5-86

தூங்குகிறேன். பசி அளவாக இருக்கிறது. அம்சவள்ளி அரைஞாண் முடிச்சைத் தளர்த்திக் கட்டினாள்.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, ஆனால் மனம் உட்கார மாட்டேன் என்கிறது. இந்த அமைதியின்மைக்கு மாத்திரை கேட்க முடியாது.

15-6-86, விழுப்புரம்

இதை எழுதத்தான் வேண்டும்.

சந்தையில் ஒரு ஆள் என் பசுவின் கயிற்றைக் கைநழுவ விட்டுவிட்டான். பசு மிரண்டு ஓடியது, போய்ப் பிடித்துக்கொண்டு வந்தோம். பெரிய நஷ்டம் எதுவுமில்லை. அவனும் சவுரி தெருக்காரன். அவனைப் பார்த்ததும் அதே வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. தெரு புத்தி. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

பிறகு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி. நாடி நிதானமாக ஓடியது. கை நடுங்கவில்லை. வேர்வை இல்லை. மாத்திரை வேலை செய்கிறது, சுரப்பி அடங்கிக் கிடக்கிறது.

ஆனாலும் வார்த்தை வந்தது.

அப்படியானால் அது சுரப்பியின் சரக்கு இல்லை. என் சரக்கு. முன்பே உள்ளே இருந்தது. சுரப்பி அதற்குக் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். சவுரி கேட்டதற்கு இதுதான் பதில். ரத்தப் பரிசோதனை இல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

20-7-86, விழுப்புரம்

சவுரியை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். வந்தான். சந்தை கூடிய நேரம், அதே டீக்கடை. முருகையனும் இருந்தான், இன்னும் நாலைந்து தரகர்கள்.

நின்றுகொண்டே சொன்னேன். "சவுரி என் விலைய யார்கிட்டயும் விக்கல. அவன நான் சொன்ன வார்த்த தப்பு."

ஒரு தரகர், "உட்றா தொரை, ஒடம்பு செரியில்லாதப்ப பேசினதுதான, யார் மனசுல வச்சிக்கப் போறாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். தப்பித்துக்கொள்ள வசதியான வழி. "ஒடம்பு வேற. அது வேற. ஒடம்புதான் செரியாயிடுச்சே" என்றேன். அவர் விளங்காமல் பார்த்தார். சவுரிக்கு விளங்கியது. டீ குடிக்காமல் என்னைச் சந்தைக்குப் பின்னால் புளியமரத்தடிக்கு அழைத்துப் போனான்.

அவன் தோளில் துண்டு இருந்தது. அதை எடுக்கவில்லை. திரும்பி வருவதற்கான நிபந்தனையை வாயாலேயே சொன்னான், அங்கே மாடு கட்டியிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. நானும் வாயாலேயே சரி என்றேன், எதிலும் ஒரு ரூபாய் குறைக்கக் கேட்கவில்லை.

லாபம் பாதிக்குப் பாதி. இதுவரை அவனுக்கு மூன்றில் ஒன்று. டாக்டரம்மா சரி சொல்லும்வரை துண்டுக்கு அடியில் அவன் கை, மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பது நான். கடைசி விலையை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்வது. வீட்டுக்கு வந்தால் உள்ளே வந்து கூடத்தில் உட்காருவான், எங்கள் டம்ளரில் குடிப்பான்.